பழைய மாநிலச் சட்டங்கள்ல "டெக்னிக்கல் திருத்தம்"னா என்ன? சட்டம் படிக்காதவங்களுக்கும் புரியுற மாதிரி

சட்டசபைக் கூட்டத்தொடர் முடியப்போற கடைசி சில நாள்ல வரிசையா மசோதா பாஸ் ஆகுறதைப் பார்த்திருப்பீங்க. அதுல டிவில விவாதம் வைக்கிற அளவுக்கு ஒண்ணு ரெண்டு இருக்கும், மீதியெல்லாம் "இன்ன சட்டம் (திருத்தம்)"னு ஒரு தலைப்போட வந்து குரல் வாக்கெடுப்புல சட்டுனு போயிடும், மறுநாள் பேப்பர்லயும் ஒரு வரிதான் வரும். அந்த மீதில ஒரு வகையைப் பத்திதான் இங்க பேசப் போறேன். சட்டத்தோட கொள்கை எதையும் தொடாம, உள்ள கிடக்குற பழைய பேரு, இப்ப இல்லாத பதவி, வேற எங்கயோ காட்டுற பிரிவு எண், எழுத்துப்பிழை இதையெல்லாம் சரிபண்றதுக்குன்னே கொண்டுவர்ற திருத்தம். இதைத்தான் டெக்னிக்கல் திருத்தம்னு சொல்றாங்க. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா ஒருத்தர் ஜெயிலுக்குப் போறதா வேணாமாங்குறது வரைக்கும் இதுல தொங்குது, கீழ ரெண்டு உதாரணம் சொல்றேன், நீங்களே பாருங்க.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். சட்டத்துக்கு எக்ஸ்பயரி தேதி கிடையாது. தற்காலிகச் சட்டம்னு தேதி போட்டு எழுதினா ஒழிய, ஒரு தடவை பாஸ் ஆனா யாராவது ரத்து பண்ற வரைக்கும் அது உயிரோடதான் இருக்கும். வெள்ளைக்காரன் போனப்ப அவன் போட்ட சட்டமெல்லாம் கூடவே போயிடல, அரசியலமைப்புல 372-வது பிரிவு "ஏற்கனவே அமல்ல இருக்குற சட்டங்கள் மாத்துற வரைக்கும் தொடரும்"னு சொல்லிடுச்சு. அதனாலதான் 1891-ல மெட்ராஸ் மாகாணத்துக்குப் போட்ட பொது விதிகள் சட்டம், அதாவது மத்த சட்டங்களை எப்படிப் படிக்கணும்னு சொல்ற சட்டம், இன்னைக்கும் தமிழ்நாடு பொது விதிகள் சட்டம்னு பேரு மாறி நம்மகூட இருக்கு.

சட்டம் அப்படியே நிக்கும், ஆனா சுத்தி இருக்குற உலகம் நகர்ந்துடும். மாகாணம் மாநிலம் ஆச்சு, அணா பைசா ஆச்சு, மைல் கிலோமீட்டர் ஆச்சு, வாரியம் கமிஷனர் ஆபீஸ் ஆச்சு. சட்டப் புத்தகத்துக்குள்ள மட்டும் பழைய வார்த்தை உக்காந்துக்கிட்டே இருக்கும்.

பேரு மாத்துறது சுலபமான வேலைன்னுதான் தோணும், கம்ப்யூட்டர்ல ஒரு வார்த்தையைத் தேடி இன்னொண்ணைப் போடுற மாதிரி. ஆனா நம்ம மாநிலத்தோட கதையையே எடுத்துக்கோங்க. மெட்ராஸ் மாநிலத்தோட பேரைத் தமிழ்நாடுன்னு மாத்துற சட்டத்தை பார்லிமெண்ட் 1968-ல பாஸ் பண்ணுச்சு, 1969 ஜனவரி 14 முதல் அமலுக்கு வந்துச்சு. உடனே ஒரு பிரச்சனை. நூத்துக்கணக்கான சட்டங்கள்ல "மெட்ராஸ்"னு இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி மசோதா போட முடியுமா? அதுக்காகத்தான் தமிழ்நாடு சட்டங்கள் தழுவல் ஆணை, 1969-ன்னு ஒண்ணு போட்டு மொத்தமா மாத்தினாங்க. பழைய மாநிலச் சட்டம் எதையாவது எடுத்துப் பார்த்தீங்கன்னா முதல் பக்கத்துலயே அடிக்குறிப்புல இந்த ஆணையோட பேரு இருக்கும், "மெட்ராஸ்ங்குற சொல்லுக்குப் பதிலா இது போடப்பட்டது"ன்னு.

ஆனா எல்லா மெட்ராஸும் ஒரே மெட்ராஸ் இல்ல பாருங்க. 1919-ல வந்தது மெட்ராஸ் மாநகராட்சிச் சட்டம், 1920-ல வந்தது மெட்ராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டம். முதல்ல சொன்னதுல மெட்ராஸ்னா நகரம், ரெண்டாவதுல மாநிலம் முழுக்க. அதனால 1920 சட்டம் மட்டும் 1969-ல தமிழ்நாடு மாவட்ட நகராட்சிகள் சட்டம் ஆச்சு, 1919 சட்டம் மெட்ராஸாவே இருந்துட்டு, 1996-ல நகரத்தோட பேரைச் சென்னைன்னு மாத்தினதுக்கு அப்புறம்தான் சென்னை மாநகராட்சிச் சட்டம் ஆச்சு. நகரமும் மாநிலமும் பேரு மாறியும் மெட்ராஸ் ஐகோர்ட் இன்னும் மெட்ராஸ் ஐகோர்ட்தான். ஒரே வார்த்தைக்கு மூணு வழி. எந்த இடத்துல எது எதைக் குறிக்குதுன்னு ஒரு மனுஷன் உக்காந்து படிச்சாத்தான் தெரியும். (கேரளாவோட மலபார் பகுதில 1951-ம் வருஷ மெட்ராஸ் இந்து சமய அறநிலையச் சட்டம் இன்னும் அந்தப் பேரோடயே ஓடுது, நாம அதை விட்டுட்டு 1959-ல வேற சட்டம் போட்டாச்சு.)

சரி, இந்த மாதிரித் திருத்தத்தை எப்படிப் பண்றாங்க? ரெண்டு வழி இருக்கு, இந்த வித்தியாசம் புரிஞ்சா பாதி விஷயம் புரிஞ்ச மாதிரி.

ஒண்ணு, எழுத்தையே மாத்துறது. "5-வது பிரிவுல இந்தச் சொல்லுக்குப் பதிலா இந்தச் சொல்"னு திருத்தச் சட்டம் சொல்லும், அதுக்கப்புறம் அச்சடிக்கிற புத்தகத்துல புதுச் சொல்லே வந்துடும். இன்னொண்ணு, எழுத்தை அப்படியே விட்டுட்டு படிக்கிற விதத்தை மாத்துறது. "மத்த எந்தச் சட்டத்துல இன்ன பேரு வந்தாலும் அதை இப்படிப் படிச்சுக்கணும்"னு ஒரே வரில முடிச்சிடுவாங்க. தமிழ்நாட்டுல நில வருவாய் சம்பந்தப்பட்ட எல்லாத்துக்கும் மேல ஒரு வருவாய் வாரியம் இருந்துச்சு, கும்பெனி காலத்துல இருந்து. 1980-ல சட்டம் போட்டு அதைக் கலைச்சிட்டாங்க, வேலையெல்லாம் கமிஷனர்களுக்குப் போச்சு. எத்தனையோ சட்டத்துல வாரியம்னு இருந்துச்சே, அதை என்ன பண்றது? கலைச்ச சட்டத்துலயே, வாரியம்னு வர்ற இடத்தை அந்த வேலையை இப்பப் பாக்குற அதிகாரின்னு படிச்சுக்கணும்னு வழி பண்ணிட்டாங்க.

ரெண்டாவது வழி அரசாங்கத்துக்கு ரொம்ப சௌகரியம், ஒரே அடில ஆயிரம் இடம் சரியாயிடும். ஆனா படிக்கிறவங்களுக்கு? பட்டா தகராறுல மேல்முறையீடு எங்க போடணும்னு பாக்குற ஒரு விவசாயி கைல பழைய சட்டப் புத்தகம் இருக்குன்னு வைங்க, அதுல வருவாய் வாரியத்துக்குப் போகணும்னு இருக்கும், வாரியம் போய் நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சுங்குறதும் அதைக் கலைச்ச சட்டம் வேறொரு புத்தகத்துல இருக்குங்குறதும் அவருக்கு எப்படித் தெரியும்? வக்கீலுக்குத் தெரியும். சட்டம் வக்கீலுக்கு மட்டும் எழுதினது இல்லையே. என்னைக் கேட்டா, படிக்கிற விதத்தை மாத்துற வழியை அவசரத்துக்குப் பயன்படுத்திக்கலாம், ஆனா அதோட நிறுத்திடக் கூடாது, கொஞ்ச வருஷத்துக்குள்ள எழுத்தையும் மாத்தியே ஆகணும்.

இப்ப முதல் உதாரணம். இது மாநிலச் சட்டம் இல்ல, மத்திய சட்டம்தான், ஆனா ஒரு குறிப்பு எண் தப்பானா என்ன ஆகும்ங்குறதுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ல 27ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு. கடத்தலுக்குப் பணம் போடுறவங்க, கடத்தல்காரங்களை ஒளிச்சு வைக்கிறவங்க, இவங்களுக்கு 10 வருஷத்துல இருந்து 20 வருஷம் வரைக்கும் கடுங்காவல். எந்தச் செயலுக்குப் பணம் போட்டா குத்தம்? "2-வது பிரிவு, 8ஏ கூறுல சொன்ன செயல்கள்"னு அங்க கை காட்டியிருப்பாங்க. 8ஏ-ல கள்ளக் கடத்தல்னா என்னன்னு ஒரு பட்டியல் இருந்துச்சு. எல்லாம் சரியாப் போயிட்டிருந்துச்சு.

2014-ல ஒரு நல்ல காரணத்துக்காக அந்தச் சட்டத்தைத் திருத்தினாங்க. கேன்சர் நோயாளிகளுக்கு வலி குறைக்கிற மார்ஃபின் மாதிரி மருந்து கிடைக்கிறதை சுலபமாக்கணும்னு, "அத்தியாவசிய போதை மருந்து"ன்னு ஒரு புது வரையறையை 2-வது பிரிவுல சேர்த்தாங்க. அகர வரிசைப்படி அது உக்கார வேண்டிய இடம் 8ஏ. அதனால பழைய 8ஏ-வை 8பி ஆக்கிட்டாங்க. ஆனா 27ஏ-ல இருந்த "8ஏ"ங்குறதை "8பி"ன்னு மாத்த மறந்துட்டாங்க. அவ்வளவுதான் நடந்தது, ஒரே ஒரு எழுத்து. விளைவு என்னன்னா, நாட்டுலயே கடுமையான தண்டனைப் பிரிவுகள்ல ஒண்ணு, கடத்தலை விட்டுட்டு மருந்தோட வரையறையைக் கை காட்டிக்கிட்டு நின்னுச்சு. அங்க செயல்களோட பட்டியலே கிடையாது. சுமார் ஏழு வருஷம் அப்படியே ஓடுச்சு.

கடைசில திரிபுரால ஒரு வழக்குல குத்தம் சாட்டப்பட்டவர் தரப்புல இதைப் பிடிச்சுட்டாங்க, இந்தப் பிரிவு வெறுமையைக் காட்டுது, இதை வச்சு எப்படி வழக்குப் போடுவீங்கன்னு. விஷயம் ஐகோர்ட் வரைக்கும் போய், 2021 ஜூன்ல ஐகோர்ட் மத்திய அரசைத் திருத்தச் சொல்லுச்சு. செப்டம்பர் கடைசில அவசரச் சட்டம், டிசம்பர்ல பார்லிமெண்ட்ல சட்டம். அதையும் 2014 மே 1-ல இருந்தே அமல்ல இருந்த மாதிரி பின்தேதியிட்டாங்க. அரசு சொன்னது, இது எழுத்துப்பிழைதான், புதுசா எந்தக் குத்தத்தையும் சேர்க்கலன்னு. எம்பிக்கள் சிலர் கேட்டது, ஒரு செயலைச் செஞ்ச அன்னைக்கு அது குத்தமா இல்லாட்டி பின்னாடி சட்டம் போட்டு தண்டிக்கக் கூடாதுன்னு அரசியலமைப்பு 20-வது பிரிவு சொல்லுதே, அப்புறம் எப்படின்னு. ரெண்டு பக்கத்துலயும் நியாயம் இருக்கு. கவனிச்சுச் செஞ்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

ரெண்டாவது உதாரணம் நம்ம ஊரு மாநிலச் சட்டம். 2024 ஜூலை 1-ல இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துச்சு, கூடவே குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் மாறுச்சு. நாடு முழுக்க மாநிலச் சட்டங்கள்ல "இந்திய தண்டனைச் சட்டம் இத்தனாவது பிரிவு"ன்னு எத்தனை இடத்துல இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. உடனே எல்லாம் செல்லாமப் போயிடாது, ஏன்னா 1897-ம் வருஷ மத்திய பொது விதிகள் சட்டத்துல 8-வது பிரிவு, பழைய சட்டத்தை ரத்து பண்ணி அதையே திரும்பப் போட்டா, பழசைக் காட்டுற குறிப்பெல்லாம் புதுசுல அதுக்குச் சமமான பிரிவைக் காட்டுறதா எடுத்துக்கணும்னு சொல்லுது. இது நமக்கு ஒரு காப்பு. ஆனா "சமமான பிரிவு"ங்குறதுதான் முக்கியம், அதே நம்பர்னு அர்த்தம் இல்ல. பழசுல 302 கொலை, புதுசுல கொலைக்குத் தண்டனை 103. புதுசுல 302-ன்னா மத உணர்வைப் புண்படுத்துற மாதிரிப் பேசுறது! அதனால சட்டத்தோட பேரை மட்டும் மாத்திட்டு நம்பரை விட்டா கதை கந்தல்.

நம்பரை மாத்தினா மட்டும் போதுமான்னா, அதுவும் போதாது. 1982-ம் வருஷ தமிழ்நாடு 14-வது சட்டம், எல்லாரும் குண்டாஸ்னு சொல்றது, அதை எடுத்துக்கோங்க. விசாரணை இல்லாம ஒருத்தரை 12 மாசம் வரைக்கும் உள்ள வைக்கிற சட்டம், அதனால ஒவ்வொரு வார்த்தைக்கும் கனம் அதிகம். அதுல குண்டர்னா யாருங்குற வரையறை தண்டனைச் சட்டத்தோட அத்தியாயங்களை வச்சு எழுதப்பட்டது. முக்கியமா 16, 17, 22-வது அத்தியாயங்கள்ல வர்ற குத்தங்களைத் தொடர்ந்து செய்யுறவர்னு. 16 உடலுக்கு எதிரான குத்தம், 17 சொத்துக்கு எதிரானது, 22 மிரட்டல், அவமதிப்பு மாதிரியானது.

இப்ப புதுச் சட்டத்துல இதுக்கு நிகர் எதுன்னு தேடுங்க. சொத்து அத்தியாயம் அதிர்ஷ்டவசமா அங்கயும் 17-தான். பழைய 16-வது அத்தியாயம் ரெண்டா உடைஞ்சிருக்கு, பாலியல் குத்தங்களும் இன்னும் சிலதும் பெண்கள் குழந்தைகளுக்கான 5-வது அத்தியாயத்துக்குப் போயிடுச்சு, மீதி பெரும்பாலும் 6-வதுல. அப்ப "16"க்குப் பதிலா "6"ன்னு போட்டா பாலியல் குத்தம் அந்த வரையறைல இருந்து விட்டுப்போகும். "5, 6"ன்னு போட்டா ரெண்டாம் கல்யாணம் பண்ணவரும் உள்ள வந்துடுவாரு, ஏன்னா திருமணம் சம்பந்தப்பட்ட குத்தமெல்லாம் பழசுல வேற அத்தியாயம், புதுசுல 5-வது. 6-வதுல வேற, பழைய தண்டனைச் சட்டத்துலயே இல்லாத திட்டமிட்ட சிறு குற்றம்னு ஒரு புதுப் பிரிவு இருக்கு, கும்பலா சேர்ந்து பிளாக்ல டிக்கெட் விக்கிறது கூட அதுல வரும். பழைய 22-க்கு நிகர் 19-வது அத்தியாயம், ஆனா அதுல அவதூறையும் சேர்த்துட்டாங்க, பழசுல அவதூறு தனியா 21-வது அத்தியாயத்துல, குண்டர் வரையறைக்கு வெளிய இருந்துச்சு. அதாவது ஒரு கிளார்க் உக்காந்து 22-ஐ அடிச்சிட்டு 19-ன்னு எழுதினா, அவதூறு வழக்கு நாலஞ்சு வாங்கின ஒரு பத்திரிகைக்காரர் குண்டர் வரையறைக்குப் பக்கத்துல போய் நிப்பாரு. யாருமே அப்படி வேணும்னு கேக்கல, சட்டசபைல யாரும் விவாதிக்கவும் இல்ல, வெறும் நம்பர் திருத்தம்னு தலைப்பு இருக்கும். இதை ஒழுங்காச் செய்யணும்னா அத்தியாயத்தை விட்டுட்டு பிரிவு பிரிவா எது எதுக்குச் சமம்னு எழுதணும், வேலை ஜாஸ்திதான், வேற வழி இல்ல.

அதனாலதான் டெக்னிக்கல் திருத்தத்துக்கு ஒரே ஒரு பரீட்சை இருக்கு. திருத்தத்துக்கு முன்னாடி யாருக்கு என்ன உரிமை, யாருக்கு என்ன தண்டனை, எந்த அதிகாரிக்கு என்ன அதிகாரமோ, திருத்தத்துக்கு அப்புறமும் அதேதான் இருக்கணும். அணாவைப் பைசாவா மாத்துனது டெக்னிக்கல், 1957 ஏப்ரல்ல தசம நாணயம் வந்தப்ப 16 அணாவுக்கு 100 புதுப் பைசான்னு கணக்கு சொல்லி எல்லாச் சட்டத்துக்கும் ஒரே வழியா முடிச்சாங்க. ஆனா அம்பது ரூபா அபராதத்தை அஞ்சாயிரம் ஆக்குறது டெக்னிக்கல் இல்ல, காலத்துக்கு ஏத்ததுதான்னாலும் அது கொள்கை முடிவு, பேசித்தான் பண்ணணும். அதே மாதிரி தொழுநோயை விவாகரத்துக்கோ பிரிஞ்சு வாழ்றதுக்கோ உள்ள காரணத்துல இருந்து 2019-ல அஞ்சு மத்திய சட்டங்கள்ல நீக்கினாங்க. பாக்க ஒரு பழைய சொல்லை எடுத்த மாதிரிதான் இருக்கும், ஆனா அது ஒரு பெரிய அநியாயத்தை நிறுத்தினது, அதை எழுத்துத் திருத்தம்னு சொன்னா அந்த நோயாளிகள் பட்ட பாட்டைச் சின்னதாக்குற மாதிரி ஆயிடும்.

செத்த சட்டங்களை மொத்தமாக் கழிக்கிறதும் இதே வேலையோட ஒரு பகுதி. மத்தியில இதுக்குன்னு ரத்து மற்றும் திருத்தச் சட்டம்னு அப்பப்ப ஒண்ணு வரும், 2016-ல ஒரே தடவைல 295 சட்டத்தை ரத்து பண்ணாங்க. அதைக் கேட்டு நிறையப் பேரு பயந்துடுறாங்க. அதுல பெரும்பாலும் திருத்தச் சட்டங்கள், அதாவது மூலச் சட்டத்துல மாத்தத்தைப் பண்ணி முடிச்சிட்டு சும்மா பட்டியல்ல கிடக்குறது. அதை ரத்து பண்ணா மாத்தமும் போயிடுமான்னா போகாது, அதே 1897 சட்டத்துல 6ஏ பிரிவு அதைத் தெளிவாச் சொல்லுது.

இந்த வேலையை யாரு பாக்கணும்ங்குறதுல அமெரிக்க மாநிலங்கள் சிலதுகிட்ட நாம கத்துக்கலாம். மின்னசோட்டாவுல சட்டத் திருத்துநர் அலுவலகம்னே தனியா ஒண்ணு இருக்கு, பழசான குறிப்பு, தப்பு நம்பர் எல்லாத்தையும் சேர்த்து சரிபண்ற மசோதாவை அந்த ஆபீஸே தயார் பண்ணும். கலிபோர்னியாவுலயும் சட்டத் தொகுப்புப் பராமரிப்பு மசோதான்னே ஒண்ணு உண்டு. நம்ம மாநிலங்கள்ல சட்டத்துறை ஆட்கள் திறமையானவங்கதான், ஆனா புது மசோதா எழுதுற அவசரத்துல பழசைத் தூசி தட்ட நேரம் கிடைக்கிறது கஷ்டம். தனியா ஒரு குழு நிரந்தரமா இருக்கணும்னு நான் ரொம்ப ஆசைப்படுறேன். ஏன்னா இங்க ஒரு கமாவை மாத்தணும்னாலும் முழு நடைமுறை உண்டு, மசோதா, சட்டசபை, கவர்னர் ஒப்புதல், அரசிதழ், எல்லாமே. பொதுப் பட்டியல்ல, அதாவது மத்திய அரசு, மாநில அரசு ரெண்டுமே சட்டம் போடக்கூடிய பட்டியல்ல, இருக்குற விஷயத்துல மத்திய சட்டத்தோட முரண்பட்டா ஜனாதிபதி ஒப்புதலும் வேணும். ஒவ்வொண்ணா பண்ணா முடியாது, சேர்த்துத்தான் பண்ணணும்.

நீங்க ஏதாவது ஒரு மாநிலச் சட்டத்தைத் தேடிப் படிக்கிறீங்கன்னா, முதல்ல அது எந்தத் தேதி வரைக்கும் திருத்தினதுன்னு பாருங்க, இந்தியா கோட்ங்குற அரசாங்கச் சட்டத் தொகுப்பு இணையதளத்துல இருந்தாலும் சரி கடைல வாங்கின புத்தகமா இருந்தாலும் சரி. அடிக்குறிப்பைத் தாண்டிப் போகாதீங்க, எந்தச் சொல் எப்ப மாறுச்சுன்னு அங்கதான் இருக்கும். வேற சட்டத்தைக் கை காட்டுற இடம் வந்தா அந்தச் சட்டம் இன்னும் உயிரோட இருக்கான்னு பாத்துக்கோங்க. மேல சொன்ன 1919, 1920 சட்டங்களையே எடுத்துக்கோங்க, 1998-ல பாஸ் ஆகியும் பல வருஷம் நிறுத்தி வச்சிருந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்தப்ப ரெண்டும் போயிடுச்சு. ஆனா அதுக்கு முன்னாடி எழுதின எத்தனையோ விதிகள், அரசாணைகள், ஒப்பந்தங்கள்ல இன்னும் "1920 சட்டப்படி"ன்னுதான் இருக்கும். உங்க கைல இருக்குற நகராட்சி நோட்டீஸ்ல பழைய சட்டத்தோட பேரு இருந்தா அதுக்காக மட்டும் நோட்டீஸ் செல்லாதுன்னு நினைச்சுடாதீங்க, 1998 சட்டத்துல அதுக்குச் சமமான பிரிவு எதுன்னு ஆபீஸ்ல எழுத்துல கேளுங்க.